குக்கர் விசிலுக்கும் உரிமையா?

ஆசிரியருக்கு,

1986-இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா பாடியதை அப்பா கேசட்டில் பதிவு செய்தார். கூடவே சுருதிப்பெட்டி ஒலிக்கும். நடுவில் ஒருமுறை குக்கர் விசிலும் கேட்கும். அதிலிருந்த தியாகராஜர் கிருதி ஒன்றைச் சென்ற மாதம் இணையத்தில் ஏற்றினேன். மறுநாளே, அது தங்கள் ஒலிப்பதிவு என்று ஓர் இசை நிறுவனம் உரிமை கோரிவிட்டது. விசிலும் அவர்களுடையதுதானோ!

தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் பாட்டுக்கு உரிமை. நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் குரல் அவர்கள் பதிவு செய்ததில்லையே. ஒரே பாட்டு, ஒரே மெட்டு என்றதும், பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி குழம்பிவிடுகிறது போலும். மறுத்து எழுதினேன். பதினெட்டு நாள் கழித்துக் கோரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். விளக்கமாக ஒரு சொல்கூட இல்லை.

கேசட்டின் மறுபக்கம் முழுவதும் பாபநாசம் சிவன் பாடல்கள். அவர் மறைந்தது 1973-இல். ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. அம்மா மிக நன்றாகப் பாடியது அந்தப் பக்கத்தில்தான்; இருந்தும் ஏற்றாமல் வைத்திருக்கிறேன். நான் இவ்வளவு பார்க்கும்போது, உரிமை கோருகிறவர்கள் அனுப்புவதற்கு முன் ஒரு மனிதரை உட்கார்த்திக் கேட்கச் சொல்லக் கூடாதா? விசில் இரண்டாவது நிமிடத்திலேயே வந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்