கொதிக்க வைத்தால் மட்டும் போதாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகமாக இருக்க வேண்டும். "குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம், கவலைப்படாதீங்கப்பா" என்று எழுதியிருந்தாய். படித்ததும் கவலை கூடித்தான் போயிற்று. போனில் சொன்னால் அளவுகள் மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். இந்தத் தாள் சமையலறையிலேயே இருக்கட்டும்.

ராஜஸ்தானில் நீங்கள் இருக்கிற பலோதிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே குழாயில் இரண்டு விதமான தண்ணீர் வரும். ஒன்று இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேருகிற ஹரிகே தடுப்பணையில் கிளம்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த வாய்க்காலில் வந்து சேருகிறது. இன்னொன்று போர்வெல் தண்ணீர். கோடை தொடங்கும்போது பழுதுபார்க்கக் கால்வாயை அடைப்பார்கள், அங்கே அதை நஹர்பந்தி என்பார்கள். அந்த வாரங்களில் குழாயில் போர்வெல் தண்ணீர் கலந்து வரும், டேங்கரில் வருவதும் பெரும்பாலும் அதுதான். கால்வாய்த் தண்ணீரில் பயப்பட வேண்டியது கிருமிக்கு. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு, நைட்ரேட், உப்பு. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதற்கு ஆகாது. அதனால் இன்றைக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு, கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மி.கி. என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிவிடு, சில நூறு ரூபாய்தான். தண்ணீர் விடுகிற ஒவ்வொரு நாளும் பார்த்து காலண்டரில் குறி. கால்வாய்த் தண்ணீர் என்றால் சில நூறில் நிற்கும். போர்வெல் கலந்தால் எண் சட்டென ஏறும். ஆனால் அந்த மீட்டர் கரைந்த உப்பை மொத்தமாகக் காட்டுமே தவிர ஃபுளோரைடு எவ்வளவு, கிருமி உண்டா என்றெல்லாம் சொல்லாது. 300 காட்டுகிறது, நல்ல தண்ணீர் என்று நம்பிக் குடித்துவிடாதே.

இப்போது கொதிக்க வைப்பதைச் சொல்கிறேன். கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் கிருமி சாகும். ஆனால் ஃபுளோரைடு ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். லிட்டருக்கு 1.5 மி.கி. ஃபுளோரைடு உள்ள 2 லிட்டரை 1.5 லிட்டராகச் சுண்டவிட்டால் லிட்டருக்கு 2 மி.கி. ஆகிவிடும். நைட்ரேட்டும் அப்படியேதான். இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் அளவு ஐஎஸ் 10500 ஃபுளோரைடுக்கு 1 மி.கி. என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். பலோதியில் 2016 மே மாதம் 51 டிகிரி வெயில் பதிவானது. அந்த வெயிலில் நம்மூரில் குடிப்பதைவிட அதிகம் குடிப்பீர்கள், அப்போது உடம்பில் சேருவதும் அதிகம். ஆகவே 1.5-ஐப் பாதுகாப்பான அளவாக எடுத்துக்கொள்ளாமல் 1-க்குள் வைக்கப் பார்.

குட்டிக்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நாலு வயதில் நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். எட்டு வயதுக்குள் ஃபுளோரைடு கூடினால் அந்தப் பற்கள் முளைக்கும்போதே வெண்திட்டும் பழுப்புக் கறையுமாக வரும், எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. நம் தர்மபுரிப் பக்கம் எத்தனை பேர் பல்லில் பார்த்திருக்கிறாய், அதே நோய்தான். ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்ததே அதற்காகத்தான். பல வருடம் கூடுதலாகக் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகும். பால், மோர், கீரை, நெல்லிக்காய் தினமும் கொடு, கால்சியமும் வைட்டமின் சி-யும் ஓரளவு காக்கும். டீத்தூளிலும் ஃபுளோரைடு உண்டு, பிள்ளைக்கு டீ வேண்டாம்.

இன்னொன்று. சோப்பு நன்றாக நுரைக்கிறது, அதனால் நல்ல தண்ணீர் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருந்தாய். அது தலைகீழான கணக்கு. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில்தான் பாறையின் ஃபுளோரைடு தாராளமாகக் கரையும். அந்தத் தண்ணீரில் சோப்பு நன்றாகவே நுரைக்கும்.

மண்பானை, துணி வடிகட்டி, கேண்டில் ஃபில்டர், யு.வி. எனும் புற ஊதா விளக்கு இவை எதுவும் ஃபுளோரைடை எடுக்காது. படிகாரமும் சுண்ணாம்பும் போடும் நல்கொண்டா முறை எடுக்கும். ஆனால் தண்ணீரின் காரத்தன்மையைச் சோதித்து அளவு போட வேண்டும், தவறினால் அலுமினியம் தண்ணீரில் தங்கிவிடும். வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். உங்களுக்கு ஏற்றது ஆர்.ஓ.தான், அதாவது மெம்பரேன் என்ற நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டும் பெட்டி. ஒழுங்காக ஓடுகிற மெம்பரேன் ஃபுளோரைடில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும்.

ஆர்.ஓ. பெட்டியில் பெரும்பாலும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன திருகு இருக்கும். ருசிக்காக என்று மெக்கானிக் அதைத் திறந்துவிடுவார். அது மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைச் சுத்தத் தண்ணீரோடு கலக்கிறது. உள்ளே வருவதில் 3 மி.கி. ஃபுளோரைடு இருந்து, கால் பங்கு இப்படிக் கலந்தால், வெளியே வருவது கிட்டத்தட்ட 0.9 ஆகிவிடும். இவ்வளவு செலவு செய்து வாங்கியும் எல்லையிலேயே நிற்கும். அந்தத் திருகை முழுக்க மூடச் சொல், மூடியதும் எதிரிலேயே மீட்டர் வைத்துப் பார்.

வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிநீர் போல இறங்கும். மெம்பரேன் 45 டிகிரிக்கு மேல் தாங்காது, அதற்குக் கீழேயும் சூடு ஏற ஏற உப்பை அதிகமாக விடும். விடியற்காலையில் ஓட்டி அன்றைக்குத் தேவையானதைப் பிடித்து வைத்துவிடு. கார்பன் ஃபில்டரைத் தவணை தவறாமல் மாற்று. அது தீர்ந்தால், கிருமிக்காகத் தண்ணீரில் போடும் குளோரின் நேராகப் போய் மெம்பரேனைத் தின்றுவிடும். டி.டி.எஸ். மீட்டரில் உள்ளே 1800, வெளியே 180-க்குள் என்றால் மெம்பரேன் நலம். வெளியே 350 காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அதைக் கக்கூசுக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள். ஆடு மாட்டுக்கு ஊற்றாதே, அவற்றின் பல்லும் எலும்பும் கெடும்.

கால்வாய்த் தண்ணீருக்கு வருவோம். தினமும் வராத குழாய் காலியாக இருக்கும்போது, விரிசல் வழியாக வெளி அழுக்கை உள்ளே உறிஞ்சும். குழாயில் நேராக மோட்டார் போட்டு இழுக்கிற வீடுகளால் இது இன்னும் மோசமாகும். நீங்கள் அப்படி இழுக்க வேண்டாம். திறந்ததும் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை கழுவு, பிறகுதான் தொட்டிக்கு விடு. அடைப்பு முடிந்து கால்வாய் திறந்த முதல் நாட்களில் கலங்கலாகவோ கறுப்பாகவோ வந்தால் சமையலுக்கும் எடுக்காதே. பஞ்சாபின் லூதியானா நகரத்துச் சாக்கடை, புட்டா நாலா என்ற ஓடை வழியாக சட்லெஜில்தான் கலக்கிறது. அந்த வகைக் கழிவைக் கொதிக்க வைத்துச் சரிசெய்ய முடியாது.

தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர். 1000 லிட்டருக்கு 8 கிராம், 25 சதவீதக் குளோரின் சத்து என்ற கணக்கில். ஒரு மக்கில் குழைத்து, வாளித் தண்ணீரில் கலக்கி, தெளிந்ததை மட்டும் ஊற்று. அரை மணி நேரம் கழித்து குளோரோஸ்கோப்பில் பார், தண்ணீரில் மீந்த குளோரினை நிறம் வைத்துக் காட்டும் சின்னக் கருவி அது. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. காட்ட வேண்டும், 0.5-க்கு மேல் தேவையில்லை. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடு. பிளீச்சிங் பவுடர் அந்தச் சூட்டில் சீக்கிரம் சத்திழக்கும், சிறிய பொட்டலமாக வாங்கி நிழலில் மூடி வை. பாத்ரூம் ஆசிட் பக்கத்தில்கூட வைக்காதே. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும்.

வீட்டுக்காரரிடம் டாங்கா பற்றிக் கேள், அதாவது தரைக்கடியில் மழைநீர் சேர்க்கும் தொட்டி. மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு அநேகமாக இருக்காது. 50 சதுர மீட்டர் கூரையில் 200 மி.மீ. மழை பெய்தாலே, வீணாவது போக 8000 லிட்டர் தேறும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஒரு வருடத்துக்குக் காணும். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும், கூரையில் புறா எச்சம் கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், மேலே சொன்ன குளோரின் இதற்கும் உண்டு.

இந்த வாரமே ஒரு லிட்டர் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில், அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்து, பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையின் மாவட்ட ஆய்வகத்தில் கொடு. ஃபுளோரைடு, நைட்ரேட், டி.டி.எஸ். மூன்றையும் எழுதிக் கேள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலே வேண்டும். அதை அலசக் கூடாது, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். ஊரில் ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்களிடம் சோதனைக் கிட் இருக்கலாம், போய்ப் பேசு. நஹர்பந்தி சமயத்தில் இன்னொரு மாதிரி எடுத்துக் கொடு. இரண்டு முடிவும் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, மெம்பரேன் எது வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை குட்டிக்குக் குடிக்கவும் கஞ்சிக்கும் கேன் தண்ணீர் வாங்கு, செலவு பார்க்காதே.

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா