பிள்ளைகளின் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வசதி வேண்டி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: நகரியச் சுகாதார அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: மாரியம்மன் கோயில் தெருப் பெற்றோர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறோம். படகுத்துறையும் கடைத்தெருவும் தாங்கள் அறிந்தவை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. எங்கள் பிள்ளைகள் பலருக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் ஈ.கோலை கிருமிதான். கோட்ரைமாக்சசோல், செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் எதற்கும் இப்போது காய்ச்சல் கேட்பதில்லை.

2. எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது, சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுத்தால்தான் தெரியும். இங்கே அந்த வசதி இல்லை. யாங்கோனுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பிடித்த சிறுநீர் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் இருக்க வேண்டும். கரண்ட் நிற்காத ஊரா இது? என் மகளுக்கு நான்கு வயது. காய்ச்சலில் முனகியவளைக் கழுவிவிட்டு, பாதியில் வரும் சிறுநீரைப் பிடித்து, மீன்கடையில் கெஞ்சி வாங்கிய ஐஸில் குப்பியை வைத்துப் படகுக்கு ஓடினேன். படகு கிளம்பவே நேரமாகிவிட்டது. அக்கரை சேர்ந்தபோது ஐஸ் வெறும் தண்ணீர். சில நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில், பல கிருமிகள் கலந்துவிட்டன, மீண்டும் அனுப்பவும் என்றிருந்தது. அதற்குள் அவளுக்கு ஊகத்தில் இரண்டாவது ஆன்டிபயாடிக் தொடங்கியாயிற்று. மருந்து உள்ளே போன பிறகு கல்ச்சரில் கிருமி சரியாக வளராது, ஐயா! மறுபடி எதை அனுப்புவது?

3. நம் மியான்மரில் மருந்துச் சட்டம் 1992-லிருந்து இருக்கிறது. ஆனாலும் கடையில் சீட்டில்லாமல் நாலைந்து மாத்திரைகளைக் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். கையில் காசில்லாதவர்கள் இரண்டு நாளுக்கு வாங்குகிறார்கள். கிருமி முழுதும் சாகாமல் தேறி, மருந்துக்கு அடங்காததாகிவிடுகிறது.

4. தொற்று மேலேறிச் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்தால் அழியாது. பின்னால் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். அதற்கு யார் பதில் சொல்வது? கிருமிகள் இப்படி மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்க 2017-இல் நாட்டுக்கே செயல்திட்டம் வகுத்தார்கள். எங்கள் ஊருக்கு ஒரு ஐஸ்பெட்டிகூட வரவில்லை.

5. பெரிய ஆய்வகம் கேட்கவில்லை. போரிக் அமிலம் போட்ட குப்பி கொடுங்கள். குறிவரை நிரப்பினால் ஐஸ் இல்லாமலே ஒரு நாள் தாங்கும். காலை முதல் படகில் அவற்றைக் கொண்டுபோக ஓர் ஆளை வையுங்கள். அப்புறம் சூரிய மின்சாரத்தில் ஓடும் ஒரு ஃபிரிட்ஜ். கெஞ்சிக் கேட்கிறோம், குப்பியையாவது முதலில் கொடுங்கள்.

தயவுசெய்து பதில் எழுதுங்கள், ஐயா. முடியாது என்றாலும் எழுதுங்கள். பிள்ளைகளை வேறு எங்கே கூட்டிப் போவது என்று நாங்கள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பெற்றோர்கள் சார்பில், ஒரு தாய்