ஹோட்யூர்லிக் கணவாயைக் கடந்த நாள்

பேர்ண், சுவிற்சர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். மலைகளைக் குடைந்து தொடருந்து ஓடும் நாட்டில் அவற்றை ஏன் நடந்து கடக்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டீர்கள். சென்ற சனிக்கிழமை நடந்த வழியையே அதற்குப் பதிலாக எழுதுகிறேன்.

வியா அல்பினா என்னும் நெடும்பாதை லீக்டன்ஸ்டைனில் தொடங்கி, இந்நாட்டின் குறுக்கே ஏறத்தாழ 390 கிலோமீற்றர் சென்று, ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மொந்த்ரோ நகரில் முடிகிறது. அதனை 20 நாள் நடையாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றுள் கிரீஸ்ஆல்ப் என்ற சிற்றூரிலிருந்து காண்டர்ஸ்டெக் வரையிலான ஒரு நாள் நடையை, என்னுடன் வேலை செய்யும் நண்பர் ஒருவருடன் நடந்தேன். பாதை முழுவதிலும் உயரமான இடமாகிய ஹோட்யூர்லிக் கணவாய் இதில்தான் வருகிறது. அதன் உயரம் 2778 மீற்றர். நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். புறப்படும் இடம் 1408 மீற்றரில் இருப்பதால், உச்சியைத் தொட ஒரே காலையில் 1370 மீற்றர் ஏற வேண்டும்.

முதலில் பசுக்கள் மேயும் புல்வெளிகள். சந்திகள்தோறும் நிற்கும் மஞ்சள் கைகாட்டிகள் தூரத்தைச் சொல்வதில்லை, நடக்கும் நேரத்தையே சொல்கின்றன. ஓய்வெடுக்கும் நேரம் அதில் சேராது. கடினமான மலைப்பாதை என்பதைப் பாறைகளில் தீட்டிய வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் கோடுகள் அறிவிக்கின்றன. புல் முடிந்ததும் கரிய சரளைச் சரிவு தொடங்குகிறது. வைத்த கால் வழுக்கும் அந்தச் சரிவில் மரப்படிகளை அமைத்து, பிடித்தேறக் கம்பிவடமும் கட்டியிருக்கிறார்கள். மேடென்பதே அறியாத நம் யாழ்ப்பாணத்து மண்ணில் வளர்ந்த எனக்கு அங்கே மூச்சு வாங்கியது. ஆனாலும், மழையும் பனியும் ஆண்டுதோறும் அரிக்கும் சரிவில், முகம் தெரியாத மனிதர்கள் நடந்து செல்வதற்காக யாரோ மரம் சுமந்து வந்து படி அமைத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே என்னை மேலே ஏற்றியது. அப்பா, இந்நாட்டில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கவனிப்பைத்தான்.

கணவாய்க்குச் சற்று மேலே, 1863இல் தொடங்கப்பட்ட சுவிஸ் அல்பைன் கழகத்தின் குடில் ஒன்று, புளூயெம்லிசால்ப் பனிமலையை நோக்கியபடி நிற்கிறது. அங்கே சூடான சூப் அருந்திவிட்டு இறங்கினோம்.

இறக்கம் எளிது என்று எண்ணாதீர்கள். காண்டர்ஸ்டெக் 1174 மீற்றரில் இருப்பதால், ஏறியதைவிட அதிகமாக, 1604 மீற்றர் இறங்க வேண்டும். முழங்கால்களுக்கு உண்மையான சோதனை அங்கேதான். நண்பர் சொற்படி இரண்டு ஊன்றுகோல்களையும் மாறி மாறி ஊன்றி, சிறிய அடிகளாக வைத்து இறங்கினேன். பாதி வழியில், செங்குத்தான பாறைச் சுவர்களுக்குக் கீழே நீலப்பச்சையாக ஓஷினென் ஏரி தெரிந்தது. பழங்காலத்தில் சரிந்து விழுந்த மலைப்பாறைகள் பள்ளத்தாக்கை மறித்ததால் உண்டான ஏரி அது. பனியாறுகள் உருகிய நீர் அதில் விழுகிறது. வெளியேறும் நீரோ அந்தப் பாறைகளுக்கு அடியால், நிலத்தின் கீழேயே செல்கிறது. புவியியலில் உங்களுக்குள்ள ஆர்வத்தை நினைத்து, அந்த ஏரிக்கரையில் நெடுநேரம் நின்றேன்.

அந்த ஏரிக்கு அண்மை வரை காண்டர்ஸ்டெக்கிலிருந்து கேபிள்கார் செல்கிறது. இறங்கிய பின் நடக்க வேண்டியது சிறிது தூரமே. ஆகையால் அடுத்த கோடையில் நீங்களும் அம்மாவும் வரும்போது முதலில் அங்கேதான் அழைத்துச் செல்வேன். விசாவுக்குத் தேவையான கடிதங்களை இம்மாத இறுதிக்குள் அனுப்பிவைக்கிறேன். உங்கள் கடவுச்சீட்டைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்