ருஸ்லான் சகாயேவுக்கு: ஹெல்சின்கியில் நடக்காமல் போன சண்டையைப் பற்றி

அன்புள்ள ருஸ்லான் சகாயேவ் அவர்களுக்கு,

வணக்கம். இது உங்களுக்குத் தெரியாத மொழி, கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரப்போவதும் இல்லை. தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்கள் பெயரைத் தமிழில் எழுதினால் உள்ளே ஒரு ‘சகாயம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் ஊரில் உதவிக்கு அப்படி ஒரு சொல் உண்டு. உங்கள் கதையை முழுக்கப் படித்த பிறகு, பெயரில் இருந்த அளவுக்குச் சகாயம் வாழ்க்கையில் கிடைக்கவில்லை என்றுதான் தோன்றியது.

நான் எப்படி உங்களிடம் வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் வளைகுடாவில் ஒரு வேலை கிடைத்து, விசாவுக்காக மெடிக்கல் எடுக்கப் போனேன். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வாங்கப் போனால் கவுண்டரில் இருந்தவர் முகத்தைப் பார்க்காமலே தாளைத் தள்ளினார். ‘அன்ஃபிட்’. ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். அதுவரை ஒரு நாள்கூட மஞ்சள் காமாலை என்று படுத்தவன் இல்லை நான். சாப்பாட்டிலோ, தொடுவதிலோ இது பரவாது, ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்றுதான் பரவும், வீட்டில் மற்றவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியும், வீட்டில் என் தட்டும் டம்ளரும் மறுநாளே தனி அலமாரிக்குப் போய்விட்டன. யாரையும் குறை சொல்லவில்லை, பயம் அப்படி. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், இந்தக் கிருமியோடு உலகத்தில் யார் என்ன பெரிதாகச் செய்திருக்கிறார்கள் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் பெயர் வந்தது. உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன், உஸ்பெகிஸ்தான் என்று போட்டிருந்தது. அலி, டைசன் தாண்டி ஒரு குத்துச்சண்டை வீரர் பெயரும் தெரியாத ஆள் நான், ‘வெள்ளை டைசன்’ என்று உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்ததைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே பார்த்தது 2007 ஏப்ரல் 14, ஸ்டுட்கார்ட் சண்டை. இன்று வரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

நிக்கோலாய் வாலுயேவ் உள்ளே வருவதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, மன்னிக்க வேண்டும். 213 சென்டிமீட்டர் உயரம், சுமார் 145 கிலோ. ரிங்கின் மேல் கயிற்றைத் தாண்டிக் கால் வைக்கிற ஆள். அவருக்கு எதிரே நீங்கள் 185 சென்டிமீட்டர், அவரைவிட நாற்பது கிலோ குறைவு. சாதாரணமாகப் பார்த்தால் நீங்களும் நல்ல ஆஜானுபாகுதான், ஆனால் அந்தப் படத்தில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தீர்கள். அவர் அதுவரை 46 சண்டை ஜெயித்து ஒன்றிலும் தோற்காதவர். ராக்கி மார்சியானோ 49 சண்டையிலும் தோற்காமல் ஓய்வு பெற்றாரே, அந்தக் கணக்கைத் தொட இன்னும் மூன்றுதான் பாக்கி என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த நேரம்.

குட்டையானவர் ராட்சதனை எப்படி அடிப்பது? முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலைந்து தடவை பார்த்த பிறகுதான் உங்கள் கையை விட்டுக் காலைப் பார்க்கப் பழகினேன். நீங்கள் இடதுகைக்காரர். வலது கால் முன்னால், இடது கை பின்னால் தயாராக. அவருக்கு இடது கால் முன்னால். அதனால் உங்கள் முன்னங்காலும் அவர் முன்னங்காலும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன, எவர் கால் வெளிப்பக்கம் நிற்கிறதோ அவருக்குத்தான் குத்துவதற்கு நேர்வழி கிடைக்கிறது. நீங்கள் ராத்திரி முழுக்க அந்த ஓரடி இடத்துக்காகத்தான் சண்டை போட்டீர்கள். தள்ளி நின்றால் அவர் கை எட்டும், உங்கள் கை எட்டாது. ஒட்டி நின்றால் மேலே சாய்ந்து அந்த 145 கிலோவையும் உங்கள் தோளில் இறக்கிவைத்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில் ஒரு நொடிக்கு மேல் நிற்க முடியாது. அவர் கை நீளும்வரை காத்திருப்பது, அது திரும்புகிற அதே வேகத்தில் உள்ளே போவது, இடது கையில் ஒன்று, சில சமயம் இரண்டு, அப்புறம் அவர் மூளைக்குச் செய்தி போவதற்குள் பக்கவாட்டில் வெளியே. இதைப் பன்னிரண்டு ரவுண்ட் செய்தீர்கள். அடித்து வீழ்த்தும் ஆட்டத்தை விரும்புகிறவர்களுக்கு அது சலிப்பான சண்டை என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அது சலிக்கவே இல்லை. ஒரு நடுவர் 114-114 என்று சமமாகப் போட்டார் (அவர் எந்தச் சண்டையைப் பார்த்தாரோ), மற்ற இருவரும் 115-113, 117-111 என்று உங்கள் பக்கம். உஸ்பெகிஸ்தானுக்கு முதல் உலக ஹெவிவெயிட் பட்டம்.

அதற்கு அப்புறம்தான் பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தேன். 1978ல் அந்திஜானில் பிறந்தவர் நீங்கள், தாத்தார் குடும்பம். அந்திஜான் என்றதும் எங்களுக்கு நினைவு வருவது ஒரே ஆள், பாபர். 1483ல் அங்கே பிறந்து, சொந்த ஊரைத் தக்கவைக்க முடியாமல் அலைந்து திரிந்து கடைசியில் டெல்லிக்கு வந்து சேர்ந்தவர். உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜெயித்ததைக் கையில் வைத்துக்கொள்வதில் அப்போதிலிருந்தே சிக்கல் போலிருக்கிறது.

விளையாட்டாகச் சொன்னாலும் 1997ஐப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. புடாபெஸ்டில் உலக அமெச்சூர் போட்டி. அந்த அக்டோபரில்தான் உங்களுக்கு 19 வயது நிறைந்திருக்கிறது. 91 கிலோ இறுதிச் சண்டையில் எதிரே ஃபெலிக்ஸ் சவோன். கியூபாவின் சவோன் 1986ல் முதல் உலகப் பட்டம் வாங்கும்போது நீங்கள் இரண்டாம் வகுப்பு வயசுப் பையன். மூன்று ஒலிம்பிக் தங்கத்தோடு ஓய்வு பெற்றவர் அவர், அதில் இரண்டு அப்போதே கையில் இருந்தன. அவரை நீங்கள் ஜெயித்தீர்கள். கையைத் தூக்கி அறிவித்தார்கள், தங்கம் கொடுத்தார்கள். பிறகு, அதே வருடம் அமெரிக்காவில் நீங்கள் இரண்டு தொழில்முறைச் சண்டை ஆடியது வெளியே வந்தது, அமெச்சூர் போட்டியில் ஆடத் தகுதியில்லை என்று சொல்லித் தங்கத்தைச் சவோன் பேரில் எழுதிவிட்டார்கள். இன்றைக்குப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சவோனுக்கு ஆறு உலகத் தங்கம். ஆறாவது உங்களிடம் தோற்ற சண்டைக்கு வந்தது.

விதி விதிதான், அதை நான் மறுக்கவில்லை. காசு வாங்கி ஆடியவர் அமெச்சூர் இல்லை என்பது அன்றைய சட்டம். பதினெட்டு வயதுப் பையனை அமெரிக்காவுக்கு அழைத்துப் போய் ரிங்கில் ஏற்றிய பெரியவர்களுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆதங்கம். 2001ல் பெல்ஃபாஸ்டில், அடுத்த எடைப்பிரிவுக்குப் போய், உலகத் தங்கத்தை மறுபடி ஜெயித்துவிட்டுத்தான் முழுநேரத் தொழில்முறைக்குப் போனீர்கள். அந்தத் தங்கத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சரி, ஹெல்சின்கிக்கு வருகிறேன்.

வாலுயேவை ஜெயித்த பிறகு உங்களுக்கு வரிசையாக நோயும் காயமும். 2007 அக்டோபரில் சுல்தான் இப்ராகிமோவோடு மாஸ்கோவில் ஆட வேண்டியது, உடம்பு சரியில்லாமல் விலகினீர்கள். 2008 ஜனவரியில் மேட் ஸ்கெல்டனை வென்று பட்டத்தைக் காத்தீர்கள். அந்த ஜூலையில் வாலுயேவோடு மறுசண்டை, அதற்குச் சில நாட்கள் முன்பு குதிகால் தசைநாண் அறுந்தது. உடனே உலகக் குத்துச்சண்டைச் சங்கம் உங்களை ‘இடைவேளையில் உள்ள சாம்பியன்’ ஆக்கிவிட்டுப் பட்டத்தை வாலுயேவுக்கும் ஜான் ரூயிஸுக்கும் நடுவில் வைத்தது. இடைவேளையில் உள்ள சாம்பியன்! சினிமாக் கொட்டகையில் முறுக்கு வாங்கப் போனவர் திரும்பி வந்து பார்த்தால் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அப்படித்தான் வாலுயேவ் மறுபடி சாம்பியன், நீங்களும் சாம்பியன், இரண்டு பேரில் யார் என்று தீர்க்க 2009 மே 30ஆம் தேதி ஹெல்சின்கியில் சண்டை குறிக்கப்பட்டது.

அங்கே ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி. பின்லாந்து டாக்டர்கள் முடியாது என்றார்கள். சண்டை ரத்து.

மாதக்கணக்கில் பயிற்சி, ஊர் முழுக்க போஸ்டர், இரண்டு பேரும் வந்து இறங்கியாகிவிட்டது, கடைசியில் ஒரு தாள். அந்தத் தாளைத் தள்ளியவர் உங்கள் முகத்தைப் பார்த்தாரா? எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடும். உலகத்துக்கே விஷயம் தெரிந்துவிட்டது. என் தாளை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், உங்கள் தாளைப் பத்திரிகையில் போட்டார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொன்ன காரணத்தில் ஓர் அர்த்தம் இருக்கிறது. குத்துச்சண்டையில் புருவம் கிழியும், ரத்தம் எதிராளி கண்ணிலும் வாயிலும் படும், அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. நான் டாக்டராக இருந்தாலும் யோசித்திருப்பேன். நான் போக இருந்ததோ ஏசி ரூமில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை. என் ரத்தம் யார் மேல் படப்போகிறது? இருந்தும் அந்தக் கோபத்தில் உங்கள் டாக்டர்களையும் சேர்த்துத்தான் ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை.

அதற்குப் பதில் போலத்தான் அடுத்தது நடந்தது. டேவிட் ஹே காயம் என்று விலகிவிட, விளாடிமிர் கிளிச்கோவுக்கு அவசரமாக எதிராளி தேவைப்பட்டது. மே 30ல் ஆடக்கூடாது என்று சொல்லப்பட்ட நீங்கள், சரியாக மூன்று வாரம் கழித்து, ஜூன் 20ஆம் தேதி, ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் ஒரு கால்பந்து மைதானத்தில் சுமார் 61,000 பேர் முன்னால் உலகத்தின் நம்பர் ஒன் ஹெவிவெயிட்டோடு நின்றீர்கள். கிளிச்கோ தடுப்பூசி போட்டவர். அவ்வளவுதான் விஷயம். ஓர் ஊசி. அந்த வரியைப் படித்த மறுநாள் காலையில்தான் வீட்டில் எல்லோரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட வைத்தேன். மூன்றாவது ஊசி முடிந்த பிறகு டம்ளர் பழைய இடத்துக்கு வந்தது. இதில் உங்கள் பங்கு உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதனால் இங்கே பதிவு செய்கிறேன்.

சண்டையில் தோற்றீர்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது ரவுண்டில் விழுந்தீர்கள், ஒன்பதாவது முடிந்து உட்கார்ந்தவரைப் பத்தாவதுக்கு எழ விடவில்லை. ஸ்டுட்கார்டில் வேலை செய்த அந்த ஓரடிக் கணக்கு கிளிச்கோவிடம் பலிக்கவில்லை. அவரும் உயரம், ஆனால் வாலுயேவ் மாதிரி மெதுவான உயரம் இல்லை. அவருடைய இடது கை நீங்கள் உள்ளே வருவதற்கு முன்பே அங்கே காத்திருந்தது. உங்கள் முதல் தோல்வி.

2011ல் எர்ஃபர்ட்டில் பொவெட்கினிடம் புள்ளிகளில் தோற்றதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 2014ல் குரோஸ்னியில் ஃப்ரெஸ் ஒகேந்தோவை வென்று மறுபடி ஒரு பெல்ட் வாங்கினீர்கள், ‘ரெகுலர்’ பெல்ட். மேலே ‘சூப்பர்’ என்று இன்னொன்று கிளிச்கோவிடம் இருந்தது. பெட்ரோல் பங்கில்தான் இப்படி இரண்டு வகை பார்த்திருக்கிறேன். குரோஸ்னி இருக்கிற செச்சனியாவில், அங்கே கெடுபிடி ஆட்சி நடத்திய ரம்சான் கதீரோவின் ஆதரவில் நீங்கள் ஆடியது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் இது ரசிகர் மன்றக் கடிதம் ஆகிவிடும். ஓர் ஆட்டக்காரர் தனக்கு மேடை கிடைக்கிற இடத்தில்தான் ஆட முடியும் என்பது புரிகிறது. புரிந்தாலும் அந்தப் போட்டோக்களைப் பார்க்கும்போது உறுத்துகிறது.

கடைசிச் சண்டை 2016 மார்ச் 5, அதே குரோஸ்னி. ஆஸ்திரேலியாவின் லூகாஸ் பிரௌனை ஆறாவது ரவுண்டில் வீழ்த்தினீர்கள். பத்தாவதில் அவர் திருப்பி அடித்து முடித்தார். அந்த மாதமே பிரௌனின் பரிசோதனையில் கிளென்புட்ரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாகத் தெரிந்து, அவரிடமிருந்து பெல்ட்டைப் பிடுங்கி உங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். சந்தோஷமாகப் படித்துக்கொண்டு வந்தால் அடுத்த வரி: அந்தச் சண்டைக்கான அனுமதிக் கட்டணத்தைக் கட்டவில்லை என்று ஜூலையில் அதையும் எடுத்துக்கொண்டார்கள். அதே மாதம் கண் பிரச்சினை என்று ஓய்வை அறிவித்தீர்கள். 34 வெற்றி, 3 தோல்வி, 1 சமம். அந்த மூன்று தோல்வியில் ஒன்று பிரௌனோடு ஆடியது. 1997ல் உங்கள் தகுதியில் குறை என்று ஜெயித்ததை அழித்தார்கள். 2016ல் எதிராளியிடம் குறை என்று தெரிந்தும் தோற்றதை அழிக்கவில்லை. ஒரே ரப்பர்தானே ஐயா, ஏன் ஒரு பக்கம் மட்டும் அழிக்கிறது?

2024ல் பாரிஸில் உங்கள் நாட்டுப் பையன்கள் குத்துச்சண்டையில் மட்டும் ஐந்து தங்கம் வாங்கினார்கள். அதில் ஹசன்பாய் துஸ்மதோவ் உங்கள் அந்திஜான்தான். அவர் கழுத்தில் பதக்கம் மாட்டியபோது எனக்கு உங்கள் பழைய பதக்கத்தின் ஞாபகம் வந்தது. எங்கேயும் பதில் கிடைக்காத ஒரு கேள்வி அதில் இருக்கிறது, இவ்வளவு தூரம் எழுதியதே அதைக் கேட்கத்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம்: புடாபெஸ்டில் கொடுத்த அந்தத் தங்கத்தை நீங்களே கையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தீர்களா, யாராவது வீட்டுக்கு வந்து வாங்கிப் போனார்களா, இல்லை அம்மா யாருக்கும் தெரியாமல் எங்காவது எடுத்து வைத்துவிட்டாரா?

இப்படிக்கு,
இன்னும் ‘அன்ஃபிட்’ ரிப்போர்ட்டைத் தூக்கிப்போடாத ஒருவன்