ஜப்பானுக்குப் படிக்கப் போகும் பெண்ணின் தந்தைக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பாப்பாவுக்கு ஜப்பானில் ஓராண்டு உயர்நிலைப் பள்ளியில் படிக்க இடம் உறுதியாகிவிட்டது என்று அண்ணி சொன்னதிலிருந்து எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் அனுப்பிய செய்தியில் இரண்டு கேள்விகள்தான் இருந்தன. இந்த ஓராண்டுப் படிப்பு பிளஸ் டூவுக்கு எந்த வகையிலாவது உதவுமா? தினமும் இரவு அவளிடம் வீடியோவில் பேச முடியுமா? இங்கே ஜப்பானில் மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் வந்து தங்கும் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி என்பது உங்களுக்குத் தெரியும். எந்த நாட்டிலிருந்து பிள்ளை வந்தாலும் பெற்றோர் கேட்பது ஏறக்குறைய இதையேதான். அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். உதவாது. திரும்பி வந்ததும் அவள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியிருக்கும். கூடப் படித்தவர்கள் ஒரு வகுப்பு முன்னால் போயிருப்பார்கள். இதை இப்போதே மனதார ஏற்றுக்கொண்டால், வருடம் முழுவதும் அவளிடம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமல் இருக்க உங்களால் முடியும். ஏனென்றால் வகுப்பில் நடப்பதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களுக்கு அவளுக்குப் புரியாது. கணக்கும் ஆங்கிலமும் கைகொடுக்கும். ஆனால் வரலாற்றுப் பாடத்திலும், ஜப்பானியப் பிள்ளைகளே திணறும் பழைய இலக்கிய வகுப்பிலும், ஐம்பது நிமிடம் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பதே பெரிய உழைப்பு. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்திருக்கும் கன்ஜி என்ற சீன வழி எழுத்துகள் மட்டுமே 2,136 என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அவள் என்னதான் படிக்கப் போகிறாள் என்று கேட்பீர்கள். அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் மிதிவண்டியிலோ ரயிலிலோ பள்ளிக்குப் போவாள். வாசலில் வரிசையாக இருக்கும் காலணிப் பெட்டியில் வெளிச்செருப்பை வைத்துவிட்டு உள்காலணிக்கு மாறுவாள். ஆறு வகுப்புகள் முடிந்ததும் துப்புரவு வேலை. மேசைகளைப் பின்பக்கம் தள்ளி, பாதி அறையைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, மேசைகளை முன்னால் நகர்த்தி, மீதிப் பாதியைச் செய்வார்கள். பல பள்ளிகளில் நடைபாதையும் கழிப்பறையும்கூட மாணவர் பொறுப்புதான். முறை வைத்து எல்லோரும் செய்வதால் யாருக்கும் அதில் கௌரவக் குறைச்சல் தோன்றுவதில்லை. நம் ஊரில் நல்ல பள்ளி என்று பணம் கட்டிச் சேர்க்கும் இடங்களில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பாடம் இது என்று நான் உறுதியாகவே நம்புகிறேன்.

அதன் பிறகுதான் உண்மையான வகுப்பு தொடங்குகிறது என்பேன். ‘புகாட்சு’ என்ற மன்றப் பயிற்சி, வில்வித்தையோ கைப்பந்தோ எழுத்தோவியமோ எதுவானாலும், மாலை ஆறு மணி வரைகூட நீளும். இங்கே மூத்த மாணவர் சொல்வதை இளையவர் கேட்க வேண்டும். பந்து பொறுக்குவது, வலை கட்டுவது, தரையைத் துடைப்பது எல்லாம் புதிதாகச் சேர்ந்தவர் வேலை. வகுப்பறையில் வாய் திறக்காத ஒரு பிள்ளை, மைதானத்தில் பந்தைத் துரத்திக்கொண்டே மூன்றே மாதத்தில் மொழி பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘டியூஷன் ஏதாவது இருக்கிறதா’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எந்த மன்றத்தில் சேர்ந்தாள் என்று கேளுங்கள்.

வீட்டைப் பற்றி அண்ணியிடம் நீங்கள்தான் விளக்க வேண்டும். ஏ.எஃப்.எஸ். போன்ற மாணவர் பரிமாற்ற அமைப்பின் வழியாக இங்கே அவளை ஏற்றுக்கொள்ளும் குடும்பம் அதற்காகச் சம்பளம் வாங்குவதில்லை. ஏ.எஃப்.எஸ். அமைப்பே போர்க்காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களிடமிருந்து வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1947இல், பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்களுடன் பள்ளிப் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். குடும்பத்தில் ஒருத்தியாக இருக்கட்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து மாறவில்லை. எனவே பாப்பா அங்கே விருந்தாளியும் இல்லை, வாடகை கொடுத்துத் தங்குபவளும் இல்லை. மதிய உணவுப் பெட்டியை அந்த வீட்டு அம்மா விடியற்காலையில் எழுந்து கட்டிக்கொடுத்தால், மாலையில் வந்ததும் அதை எடுத்துக் கழுவி வைப்பது அவள் கடமை. பையிலேயே மறந்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுத்துக் கொடுத்தால், அவர்கள் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மனதில் ஒரு சின்ன வருத்தம் விழுந்துவிடும். குளியலும் அப்படித்தான். தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து முடித்த பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அதே நீரில்தான் வீட்டில் மற்றவர்களும் அடுத்தடுத்து இறங்குவார்கள் என்பதால், எழுந்ததும் நீரைத் திறந்துவிடக் கூடாது, மூடி போட்டுவிட்டு வர வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலென்றால் மூடியைக் கழற்றி, மேலே சுற்றிய தாளை உரித்து, அலசிவிட்டுத்தான் குப்பையில் பிரிக்க வேண்டும்.

சாப்பாடு பற்றி அண்ணி கவலைப்படுவது நியாயம். பாப்பா மீன் சாப்பிடுகிறவள் என்பதால் பாதிக் கஷ்டம் குறைந்தது. சுத்த சைவமாக வரும் பிள்ளைகளுக்குத்தான் கடினம். மிசோ சூப்பிலிருந்து நூடுல்ஸ் வரை அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் ஊறி வருவது. கடற்பாசியில் செய்த சாறு வேண்டுமென்று முன்கூட்டியே சொன்னால்தான் உண்டு. குளிர்காலத்தில் இங்கே பல வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி கிடையாது. இருக்கும் அறை மட்டும் சூடாக இருக்கும், நடைபாதை பனிக்கட்டியாக இருக்கும். அதற்கும் அவள் பழகிவிடுவாள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வரும் இரவு ஒன்பது மணி என்பது இங்கே பன்னிரண்டரை. பேசியே ஆக வேண்டும் என்றால் அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். மறுநாள் ஆறு மணிக்கு எழ வேண்டும். நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு பிள்ளை தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் சொந்த மொழியில் பேசினால், அந்த ஒரு மணி நேரத்தில்தான் கூடத்தில் அந்தக் குடும்பம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு, பழம் நறுக்கிக்கொண்டு, நாள் எப்படிப் போயிற்று என்று பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சில் இல்லாதவள் அந்த வீட்டில் இல்லாதவள்தான். புதுமை எல்லாம் தீர்ந்து, மொழி இன்னும் பிடிபடாத இரண்டாம் மூன்றாம் மாதத்தில் அவள் அழுதுகொண்டு கூப்பிடுவாள். அப்போது ‘பேசாமல் வந்துவிடு’ என்று சொல்லிவிடாதீர்கள். கேட்டுக்கொண்டிருங்கள். பிறகு உள்ளூர்த் தொடர்பாளரிடம் சொல்லச் சொல்லுங்கள். மாதந்தோறும் அவளிடம் பேசி விசாரிப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். வீட்டில் உண்மையிலேயே ஒத்துப்போகவில்லை என்றால் வேறு குடும்பத்துக்கு மாற்றவும் வழி உண்டு. ஞாயிறு மதியம் ஒருமுறை பேசினால் போதும், அண்ணா.

பெட்டி கட்டும்போது சிலவற்றைக் கவனியுங்கள். கறிவேப்பிலை, பச்சை மாங்காய் எதுவும் வேண்டாம். தாவரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். இறைச்சிப் பொருள் எந்த வடிவிலும் அனுமதி இல்லை. சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரை இங்கே சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதால், அண்ணி வழக்கமாக வைக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாக மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். சாம்பார்ப் பொடி கொடுத்தனுப்பலாம். அதைவிட முக்கியமாக, புறப்படுவதற்குள் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் தானே செய்யப் பழகிக்கொள்ளட்டும். ஜப்பானிய ஒலியெழுத்து வரிசைகளான ஹிராகானா, கட்டகானா இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் 46 வீதம்தான். இன்றே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொடுத்து எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் தங்கை