குழாயைக் கழற்றிக் கொடுத்தவருக்கு

தென்னாப்பிரிக்காவின் டொங்காட் ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சிறப்புக் கல்விப் பள்ளியின் குழாய்களில் மீண்டும் தண்ணீர் வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளம் நம் நீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்த பின் நாம் பட்ட பாட்டை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சு ஈரமாக இருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் கைகழுவுவதும் ஒரு பாடம். கைகழுவும் தொட்டிக்கு மேலே ஐந்து பட அட்டைகள் ஒட்டியிருக்கும்: திற, நனை, சோப்புப் போடு, அலசு, மூடு. ஆட்டிசம் உள்ள எங்கள் மாணவன் ஒருவன் இந்த வரிசையைக் கற்றுக்கொள்ள முழுதாக ஓராண்டு பிடித்தது. தண்ணீர் நின்றதிலிருந்து அவன் வறண்ட குழாயைப் பிடித்தபடியே நிற்பான். முதற்படி நிறைவேறாமல் அடுத்த படிக்குப் போக அவனால் இயலவில்லை. வாளியிலிருந்து மொண்டு ஊற்றினால் கையை இழுத்துக்கொண்டு அலறுவான். அவனுடைய குறிப்பேட்டில் நான் 'பிடிவாதம்' என்று எழுதிவைத்தேன்.

தண்ணீர் லாரி ஓட்டிவந்த சூலு இனப் பெரியவரை, அவர் மொழியில் அப்பா என்று பொருள்படும் 'பாபா' என்றே நாங்கள் அழைப்போம். வாளிகளை உள்ளே கொண்டுவந்து வைக்கும்போது அவர் இதைக் கவனித்திருக்கிறார். மறுநாள் காலை, அடியில் குழாய் பொருத்திய 25 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து, தொட்டியின் மேல் பலகை போட்டு வைத்தார். அது அழுத்தினால் திறக்கும் குழாய். எங்கள் பள்ளிக் குழாய்களோ திருகித் திறப்பவை. பையன் திருகிப் பார்த்து, திறக்காததால் அழுதான். பாபா ஒன்றும் பேசாமல் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் மனம் நொந்திருக்குமோ என்று அன்றிரவு கலங்கினேன்.

அடுத்த நாள் அதே கேனில் பித்தளைத் திருகு குழாய் ஒன்று இருந்தது, பிடியில் பழைய வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியபடி. எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். தம் வீட்டுக் குழாயைக் கழற்றி வந்ததாகச் சொன்னார். "எங்கள் வீட்டிலும்தான் தண்ணீர் வருவதில்லை, அங்கே அது சும்மா இருக்கிறது" என்றார். ஊருக்கெல்லாம் நீர் கொண்டுவந்தவரின் வீட்டு நிலையை அதுவரை நாங்கள் ஒருவரும் விசாரித்திருக்கவில்லை. பையன் அதைத் திருகினான். ஐந்து படிகளையும் முடித்துவிட்டு, ஈரக் கையைப் பாபாவின் சட்டையில் துடைத்தான்.

ஆடிக் கூழோடு குடிநீரும் அனுப்பிய கோயில் அம்மாமார், சக்கர நாற்காலிப் பிள்ளைகளின் துணிகளை எடுத்துச் சென்று துவைத்துத் தந்த தாய்மார், ஊதியம் பாராமல் அதிகாலையில் வந்து வாளி நிரப்பிய உதவியாளர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. சிறப்புப் பள்ளிகள் அக்கம்பக்கப் பள்ளிகளுக்குத் துணைநிற்க வேண்டும் என்று நம் அரசின் 2001 வெள்ளை அறிக்கை, அதாவது சிறப்புக் கல்விக்கான கொள்கை அறிக்கை, சொன்னது. இந்த மாதங்களில் எங்களுக்குத் துணைநின்றவை அந்தப் பள்ளிகளே.

குறிப்பேட்டில் 'பிடிவாதம்' என்ற சொல்லை அடித்துவிட்டேன். இனி எந்தப் பிள்ளையைப் பற்றியும் அப்படி எழுதமாட்டேன். அவனை எது தடுக்கிறது என்று முதலில் பார்ப்பேன்.

பாபாவின் வீட்டுக்குப் புதுக் குழாய் வாங்கிக் கொடுத்துவிட்டோம். பழையது கேனோடு எங்களிடமே இருக்கிறது. நேற்று பையன் தொட்டிக் குழாயில் கைகழுவி முடித்த பிறகு, அதையும் ஒரு முறை திறந்து மூடிவிட்டுத்தான் வகுப்புக்குப் போனான்.

நன்றியுடன்,
பள்ளியின் ஆசிரியை ஒருத்தி