'பயனர் 7' என்று எழுதினால் ஆள் மறைந்துவிடுவதில்லை

பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகப் பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் "பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை மட்டும் நம்பி ஒப்புதல் தராதீர்கள்.

பெரிய ஓட்டை தேடுபொறிதான். பதிவை எழுத்து மாறாமல் எடுத்துப்போட்டு, அடியில் 'பயனர் 7' என்று குறித்திருப்பார்கள். அதில் எட்டுப் பத்துச் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், பொதுவில் உள்ள பதிவு என்றால் பல சமயம் மூலக் கணக்கே வந்து நிற்கும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேடு ஏறிய பிறகு இதை யாரும் செய்யலாம். மேலதிகாரி செய்யலாம், பிரிந்துபோன கணவர் செய்யலாம்.

2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பேரின் 2 கோடித் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் கொடுத்து வெளியிட்டது. 4417749 என்ற எண்ணுக்குரிய பெண்ணின் வீட்டுக்கே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் போய்விட்டார்கள். அவர் தேடியிருந்த ஊர்ப் பெயரும் குடும்பப் பெயரும் போதுமானதாக இருந்தன. மூன்று மாதத் தேடல் முழுவதையும் ஒரே எண்ணில் கோத்ததுதான் வினை. ஆய்வேடு முழுக்க ஒருவரையே 'பயனர் 7' என்று தொடர்வதும் அதே வேலைதான்.

2008இல் 1,640 மாணவர்களின் ஃபேஸ்புக் விவரங்கள் கல்லூரியின் பெயரை மறைத்து வெளியிடப்பட்டன. கூடவே வந்த விளக்கக் குறிப்பில் இருந்த பாடப்பிரிவுப் பெயர்கள் போன்றவற்றை வைத்தே அது ஹார்வர்டு என்று தனியுரிமை ஆய்வாளர் மைக்கேல் ஜிம்மர் கண்டுபிடித்தார். தரவை அவர் திறக்கவே இல்லை. அந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருந்தது.

தமிழில் ஆபத்து இன்னும் கூடுதல். அத்தா, வாப்பா, அப்புச்சி, அம்மாஞ்சி என்று ஓர் உறவுச்சொல் விழுந்தாலே வட்டாரமும் சமூகமும் தெரிந்துவிடும். கொங்கு வழக்கு, செவிலியர் வேலை, இரட்டைக் குழந்தைகள், சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர். தனித்தனியே இவை பலருக்குப் பொருந்தும். நான்கும் சேர்ந்தால் ஊர்க்காரருக்கு ஒரே முகம்தான் நினைவுக்கு வரும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர் 'ழ'வை எப்படி அடிக்கிறார் என்பதுகூட அடையாளம்தான். ஆங்கிலத்தில் ஒரு லட்சம் பேரின் எழுத்துகளை வைத்து 2012இல் நடந்த சோதனையில், நடையை மட்டும் கொண்டு ஐந்தில் ஒரு முறைக்கு மேல் எழுதியவரைக் கணினி சரியாகச் சொன்னது.

ஆகவே ஒப்புதலுக்கு முன் இவற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு மேற்கோளையும், ஆய்வாளர் அல்லாத ஒருவர் இரண்டு தேடுபொறிகளிலும் அந்தந்தத் தளத்தின் தேடலிலும் போட்டுப் பார்க்க வேண்டும். சிக்கினால் கருத்தை மட்டும் வைத்து மாற்றி எழுதி, மறுபடி தேட வேண்டும். இரண்டு சொல்லை மாற்றினால் போதாது. அபூர்வமான சொல் ஒன்று தப்பி நின்றாலும் அது இழுத்து வந்துவிடும். நாள், மணி வேண்டாம், மாதம் போதும். மேற்கோளுக்கு மேற்கோள் வேறு எண் இருக்கட்டும். திரைப்பிடிப்பு வேண்டவே வேண்டாம். பெயரைக் கறுப்படித்தாலும் முகப்புப்படமும் நேரமும் மிஞ்சிவிடுகின்றன. வன்கொடுமை, தற்கொலை எண்ணம், நோய் பற்றிய பதிவென்றால் எழுதியவரின் சம்மதம் இல்லாமல் மேற்கோளே கூடாது.

எழுதியவர் பின்னாளில் அழித்துவிட்ட பதிவு ஆய்வேட்டில் மட்டும் உயிரோடு இருப்பதும் உண்டு. சமர்ப்பிக்கும் வாரத்தில் எல்லாப் பதிவுகளையும் மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இல்லாமல் போனவற்றை ஆய்வேட்டிலிருந்தும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தரவுத் தனியுரிமைத் துறையில் பணிபுரிவோர் சிலர்